வளவும் பங்கும்: செட்டிநாட்டு வீடுகளின் கட்டடக்கலையும் உடைமை வரலாறும்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடியைச் சுற்றிப் பரந்துள்ள வறண்ட நிலப்பகுதி செட்டிநாடு என்று வழங்கப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ நூறாண்டுக் காலம், நாட்டுக்கோட்டை நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தார் இங்கு எழுப்பிய பெருவீடுகள் தமிழகக் குடியிருப்புக் கட்டடங்களுள் ஒரு தனி வகையாக நிற்கின்றன. இவ்வீடுகளைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் ஆத்தங்குடித் தரையோட்டையும் வியந்து பேசுவதோடு நின்றுவிடுகின்றன. மறுபுறம், நகரத்தாரின் வட்டித்தொழிலையும் உறவுமுறையையும் ஆராய்ந்த சமூகவியல் நூல்கள் வீட்டை ஒரு பின்புலமாகவே கொள்கின்றன. கட்டட அமைப்பையும் உடைமை முறையையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் இவ்வீடுகள் ஏன் இவ்வடிவில் எழுந்தன, ஏன் இவ்வளவு காலம் உடையாமல் நின்றன, இன்று ஏன் அழிகின்றன என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்கும். அந்த இணைப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் மனையும்

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து தங்கள் முன்னோர் பாண்டிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர் என்பது நகரத்தாரின் மரபுச் செய்தி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது ஊர்களின் சிவன் கோயில்களே நகரத்தாரின் குலப்பிரிவுகளுக்கு அடிப்படை. ஒருவர் எக்கோயிலைச் சேர்ந்தவர் என்பதே அவர் யாருக்குப் பங்காளி, யாரிடம் பெண் கொள்ளலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. வீட்டுரிமையைப் புரிந்துகொள்ளவும் இக்கோயில் அமைப்பை அறிந்திருப்பது இன்றியமையாதது.

செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பு தற்செயலாக வளர்ந்ததன்று. நேரான தெருக்கள் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்ல, மனைகள் நீண்ட செவ்வகமாக ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. ஆகவே பெரிய வீடுகளின் தலைவாசல் ஒரு தெருவிலும் கொல்லைவாசல் மறுதெருவிலும் திறக்கின்றன. முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை வாயில்கள் ஒரே நேர்கோட்டில் அமைவதால் வீட்டின் முழு நீளமும் ஒரே பார்வையில் தெரிவதோடு, காற்றும் தடையின்றி ஊடுருவுகிறது. ஆற்றுப்பாசனம் இல்லாத இந்நிலத்தில் மழைநீரே முதன்மை ஆதாரம் என்பதால், கூரைகள் உள்முற்றத்தை நோக்கிச் சரிந்து நீரைக் கூட்டித் தருமாறு அமைக்கப்பட்டன. முற்றத்து நீர் கலங்களிலும் கிணற்றிலும் சேர்ந்தது போக, எஞ்சியது தெருவோர வடிகால் வழியே ஊருணிக்குச் சென்றது. ஒவ்வொரு வீடும் ஊரின் நீர் அமைப்போடு பிணைந்திருந்தது என்பதால், ஒரு வீடு இடிந்தால் அந்த இணைப்பின் ஒரு கண்ணியும் அறுந்துபோகிறது.

வீட்டின் கட்டுகள்

செட்டிநாட்டு வீடு, ஒரு முற்றத்தையும் அதைச் சூழ்ந்த பகுதிகளையும் ‘கட்டு’ என்னும் ஓர் அலகாகக் கொண்டு, அத்தகைய கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிச் செல்லும் அமைப்புடையது. தெருவை ஒட்டி இருபுறமும் உயர்ந்த திண்ணைகள். அவற்றை அடுத்து முகப்பு. வணிகம் தொடர்பான பேச்சும் கணக்கும் விருந்தினர் வரவேற்பும் முகப்போடு நின்றன. வெளியுலகுக்கும் குடும்பத்துக்கும் இடையிலான எல்லையை, திருமகள் உருவும் கொடிக்கருக்கும் செதுக்கிய தேக்குமர நிலையும் கதவும் குறித்து நின்றன.

அந்நிலையைக் கடந்தால் வருவது வளவு. வானம் பார்த்த முற்றம், அதன் நாற்புறமும் தூண்கள் தாங்கிய தாழ்வாரம், தாழ்வாரத்துக்குப் பின்னே வரிசையாக அறைகள் என்று அமைந்த இப்பகுதியே வீட்டின் மையம். திருமணமும் மணிவிழாவும் நீத்தார் சடங்கும் இங்கு நிகழ்ந்தன. இதன் பின்னுள்ள இரண்டாம் கட்டில் உணவு பரிமாறப்பட்டது. அதற்கும் பின்னால் சமையற்பகுதி, தானியம் சேமிக்கும் இடம், கிணறு, கொல்லை ஆகியவை அமைந்தன. வசதி மிக்க குடும்பங்கள் திருமணக் கூட்டத்துக்கெனத் தனிக் கொட்டகையையும், பளிங்குத் தூண்களுடன் கூடிய உணவுக்கூடத்தையும், விருந்தினருக்கான மாடியையும் சேர்த்துக்கொண்டன. கூரை உயரமும் அலங்காரமும் முன்பகுதியில் மிகுந்திருக்க, பின்பகுதி எளிமையாகவே விடப்பட்டது.

வளவைச் சூழ்ந்த அறைகளின் அளவும் வரிசையும் ஆய்வாளரின் தனிக் கவனத்துக்குரியவை. இவை பெரும்பாலும் ஒரே அளவில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிரண்டு சேர்ந்து அமைந்தவை; வெளியறையின் வழியாகவே உள்ளறைக்குச் செல்ல முடியும். அவை படுக்கையறை என்பதைவிடப் பெட்டக அறை என்று சொல்லத்தக்க அளவே சிறியவை. நூறு பேர் அமரும் வளவை ஒட்டி இவ்வளவு குறுகிய அறைகள் ஏன் என்ற வினாவுக்கான விடை கட்டடக்கலையில் இல்லை. குடும்ப அமைப்பில் இருக்கிறது.

புள்ளியும் பங்கும்

நகரத்தார் சமூகக் கணக்கில் அடிப்படை அலகு தனிமனிதரும் அல்லர், கூட்டுக் குடும்பமும் அன்று; திருமணமான ஒவ்வோர் ஆணும் அவர் மனைவியும் சேர்ந்த இணையே ஒரு ‘புள்ளி’. குலக்கோயிலுக்குச் செலுத்தும் வரி புள்ளிக்கு இவ்வளவு என்றே வகுக்கப்படுகிறது. 1994-இல் வெளிவந்த நூலில் நகரத்தாரின் சாதி அமைப்பையே ஒரு வங்கி அமைப்பாக விளக்கிய டேவிட் ருட்னரும், நகரத்தார் பெண்களின் சொத்துரிமையை ஆராய்ந்த யூகோ நிஷிமுராவும், கூட்டான வீட்டுக்கும் தனித்த இணைக்கும் இடையிலுள்ள இவ்வுறவில் கவனம் செலுத்தியுள்ளனர்.

மகனுக்குத் திருமணமானதும் அவனுக்கு வளவில் ஓர் இரட்டை அறை ஒதுக்கப்பட்டது. சில காலத்துக்குப் பின் ‘வேறு வைத்தல்’ என்னும் முறைப்படி, புதிய இணைக்குத் தனி வரவுசெலவும் தனி அடுப்பும் அமைத்துத் தரப்பட்டன. ஒரே கூரையின் கீழ் தந்தையும் மூன்று நான்கு மகன்களும் வாழ்ந்தாலும், ஒவ்வொருவர் குடும்பமும் தனித்தனியே சமைத்து, தன் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டது. மருமகள் கொண்டுவந்த சீர்ச் சாமான்களும் நகைகளும் அவள் அறையில் அவள் பூட்டின் கீழ் இருந்தன. அறை தனியுடைமை, வளவும் முகப்பும் கொல்லையும் பொது. எனவே அறைகள் சிறிதாகவும் சமமாகவும் இருப்பதும் வளவு பெரிதாக இருப்பதும் பங்காளிகளுக்கு இடையிலான ஒப்பந்தம் கட்டட வடிவம் பெற்றதன் விளைவே. உடன்பிறந்தோருள் ஒருவர் கடல்கடந்து பெரும் பொருள் ஈட்டினாலும், பழைய வீட்டில் அவருக்குரிய அறை மற்றவர் அறையைவிடப் பெரிதாகிவிடவில்லை.

‘கொண்டுவிக்கப் போதல்’ என்று நகரத்தார் வழங்கிய கடல்கடந்த வணிகத்திலும் இதே அமைப்பைக் காணலாம். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அவர்கள் தொழில் நடத்திய கிட்டங்கி என்னும் நீண்ட கூடங்களில், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பெட்டியும் அதைச் சுற்றிய சிறு இடமுமே தனியுரிமை. உணவு, தங்கல், வழிபாடு அனைத்தும் பொது. வளவில் வளர்ந்தவர்கள் அயலூரிலும் வளவைப் போன்ற ஓர் அமைப்பையே உருவாக்கிக்கொண்டனர் என்று கொள்ள இடமுண்டு.

உடைமையாளரின் பெயரும் தனிப்பெயராக நிற்கவில்லை. தந்தை, பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த ‘விலாசம்’ என்னும் குறியீடே தொழில் நிறுவனத்துக்கும் குடும்பத்துக்கும் வீட்டுக்கும் பெயராயிற்று. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய சிதம்பரம் செட்டியார் எம்.சிடி.எம். என்னும் விலாசத்தாலேயே அறியப்படுகிறார். ஒரு வீட்டின் முந்தைய உடைமையாளர் யார் என்று தேடுவோருக்குக் கிடைப்பது ஒருவரின் பெயரன்று. ஒரு தந்தைவழி வரிசை. வாரிசு இல்லாத ஆண், தன் கோயிலைச் சேர்ந்த குடும்பத்திலிருந்து ஒரு மகனைப் ‘பிள்ளை கூட்டி’, அதாவது சுவீகாரம் எடுத்து, புள்ளியும் பங்கும் அற்றுப்போகாமல் காத்தார். வீடு சந்தைக்கு வராமல் தலைமுறைகள் கடந்ததற்கு இவ்வழக்கம் ஒரு முக்கியக் காரணம்.

இம்முறையில் பெண்களின் நிலை இருமுகம் கொண்டது. மகளுக்குச் சீராகப் பெரும் பொருள் கொடுக்கப்பட்டதே தவிர, பிறந்த வீட்டில் பங்கு இல்லை. மணமானதும் அவள் கணவனின் கோயிலுக்கும் புள்ளிக்கும் உரியவளானாள். ஆயினும் ஆண்கள் மூன்றாண்டுத் தவணைகளாக பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கழித்த காலத்தில், வீட்டை ஆண்டு, வேலை வாங்கி, வரவுசெலவு பார்த்து, பிள்ளைகளை வளர்த்தவர்கள் ஆச்சிகள் என்றழைக்கப்படும் நகரத்தார் பெண்களே. ஆவணத்தில் பெயர் இல்லாத அவர்களே நடைமுறையில் இவ்வீடுகளின் நெடுங்காலக் காப்பாளர்கள். உடைமை வரலாறு எழுதுவோர் இதனைச் சிறப்பாகப் பதிவு செய்தல் வேண்டும்.

பொருளும் கைத்திறனும்

செட்டிநாட்டு வீடுகளின் வளர்ச்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். தொடக்கக் கால வீடுகள் பெரும்பாலும் ஒரு தளம் கொண்டவை. மரத்தூண், கருங்கல் தூண், நாட்டோட்டுக் கூரை, செங்கற்சுவர் எனத் தமிழகப் பொருள்களாலேயே ஆனவை. 1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதி டெல்டாவின் நெல்வணிகத்தைப் பெருக்கின. அவ்வணிகத்துக்குக் கடன் வழங்கிய நகரத்தாரின் செல்வமும் பெருகியது. அதன் விளைவான இரண்டாம் கட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உச்சம் தொட்டது. பர்மாத் தேக்கு, இலங்கையின் முதிரை மரம், இத்தாலியப் பளிங்கு, ஆங்கிலேய வார்ப்பிரும்புத் தூண், ஜப்பானியப் பூவோடு, பெல்ஜியக் கண்ணாடி ஆகியவை கப்பலேறி வந்து, பழைய கட்டு அமைப்பின்மீது பொருத்தப்பட்டன. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தானில் எழுப்பிய அரண்மனை இக்கட்டத்துக்குரிய புகழ்பெற்ற சான்று. முப்பதுகளுக்குப் பிந்தைய மூன்றாம் கட்டத்தில், வளைந்த பால்கனிகளும் நேர்கோட்டு வடிவங்களும் கொண்ட ஆர்ட் டெக்கோ பாணி, சிமென்ட்டின் வருகையோடு முகப்புகளில் இடம்பிடித்தது.

மூன்று கட்டங்களிலும் முகப்பின் தோற்றம் மாறியது. திண்ணை, முகப்பு, வளவு, பின்கட்டு என்னும் வரிசை மாறவில்லை. ஐரோப்பியத் தூணுக்கு அருகில் திருமகள் சுதையும், ஆங்கிலேயச் சிப்பாய் உருவும் ஒரே மாடமுகட்டில் நின்றன. இதனைச் சுவைக் குழப்பம் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் உலகின் எப்பகுதிப் பொருளையும் வாங்கும் திறன் பெற்றிருந்தும் வாழும் முறையை மாற்றிக்கொள்ளாத ஒரு சமூகத்தின் உறுதியை அதில் காண்பதே பொருத்தம்.

இறக்குமதிப் பொருள்களைவிட இவ்வீடுகளின் சிறப்புக்கு அடிப்படையானது உள்ளூர்க் கைத்திறன். சுவர்ப்பூச்சுக்குச் சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்துப் பல அடுக்குகளாகப் பூசினர். இறுதி அடுக்கில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். பளிங்கோ என்று ஐயுறச் செய்யும் வெண்மையும் குளிர்ச்சியும் உடைய இப்பூச்சு, வண்ணம் பூசப்படாமலே பல்லாண்டுகள் நிலைத்தது. ஆத்தங்குடியில் செய்யப்படும் தரையோடு, கண்ணாடித் தகட்டின்மீது அச்சை வைத்து, நிறமூட்டிய சிமென்ட் குழம்பை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தப்படுவது; சூளையில் சுடப்படுவதன்று. கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் மேற்பரப்பாகிறது. கட்டியவர் பெயர் நுழைவாயிலில் நிற்க, பூசியவர், செதுக்கியவர், கல் அடித்தவர் பெயர்கள் பதிவில் இல்லாமற்போனது இவ்வரலாற்றின் பெரும் குறை.

செல்வம் வற்றிய காலம்

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் நெல்விலையை வீழ்த்தியது. பர்மிய உழவர்கள் கடனைத் திருப்பித் தர இயலாமற்போகவே, ஈடு வைத்த நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடாக இருந்த அவர்களின் உடைமை, 1930-களின் இறுதியில் 25 விழுக்காடானது. இது அவர்கள் விரும்பித் தேடிய செல்வமன்று. பணம் நிலமாக உறைந்துபோன நிலை. நிலம் இழந்த பர்மிய உழவரின் துயரமும் அதனால் எழுந்த பகையும் உண்மையானவை. செட்டிநாட்டு மாளிகைகளின் வரலாற்றை எழுதும்போது அத்துயரத்தை விட்டுவிடுதல் நேர்மையாகாது. தேக்குத் தூணின் விலையில் டெல்டா உழவர் செலுத்திய வட்டியும் அடங்கியிருந்தது.

1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பல்லாயிரம் இந்தியர்களோடு நகரத்தாரும் அந்நாட்டை விட்டு வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960-களில் இராணுவ ஆட்சி வங்கிகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கியது. சில குடும்பங்கள் தொழில்துறைக்கும் வங்கித்துறைக்கும் கல்விப்பணிக்கும் திரும்பி மேலும் உயர்ந்தன. பலவற்றுக்கோ மிஞ்சியது பராமரிக்க வருவாய் இல்லாத பெருவீடு மட்டுமே. அடுத்த தலைமுறையினர் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றனர். அறைகள் பூட்டப்பட்டன, வளவைக் கூட்டிப் பெருக்கக் காவலாள் மட்டும் எஞ்சினார்.

பங்குரிமையின் சிக்கல்

மிகப் பெரும்பாலான வீடுகளின் இன்றைய நெருக்கடி பணப் பற்றாக்குறையால் மட்டும் விளைந்ததன்று. ஒருவர் கட்டிய வீட்டுக்கு நான்கு மகன்களும், ஒவ்வொருவருக்கும் மூன்று மகன்களும் இருந்தால், பேரன் தலைமுறையில் பன்னிரண்டு பங்குகள் ஆகின்றன. அடுத்த தலைமுறையில் அவை முப்பதைத் தாண்டக்கூடும். கூரை ஒழுகினால் யார் செலவிடுவது என்பதில் இத்தனை பேரும் உடன்பட வேண்டும்; ஒருவர் தாமாகச் செலவிட்டாலும் அவர் பங்கு கூடுவதில்லை. ஒருவர் அறையின்மேல் ஓடு மாற்றப்பட்டு, அடுத்தவர் அறையின்மேல் செடி முளைத்து நிற்கும் காட்சிக்கு இதுவே காரணம்.

சட்டமும் மாறியது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம், அதுவரை திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை தந்தது; 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அவ்வுரிமையை மகள்கள் அனைவருக்கும் விரிவாக்கியது. நெடுங்கால அநீதியைக் களைந்த இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. அதே வேளையில், புள்ளி என்னும் தந்தைவழி அலகை ஒட்டி எழுந்த வளவு அமைப்பில் மகள்வழிப் பங்குக்கென எழுதப்படாத விதிகூட இல்லை என்பதால், உடன்பாட்டுக்கான புதிய வழிகள் தேவைப்படுகின்றன. உடன்பாடு முறிந்தால் பங்குதாரர் எவரும் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்கலாம். வகுக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பிரிக்க 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது. வளவை வகுக்க இயலாது என்பதால் வழக்கு பெரும்பாலும் விற்பனையை நோக்கியே செல்லும். வாங்குபவருக்கு நிலமும் தேக்கும் பெறும் விலையைக் கட்டடம் பெறுவதில்லை. தூண், நிலை, கதவு, பூவோடு, பீங்கான், எனாமல் பாத்திரம் ஆகியவை காரைக்குடியின் பழம்பொருள் கடைகளை அடைந்து, அங்கிருந்து நகரத்து உணவகங்களுக்கும் புதுவீடுகளுக்கும் அலங்காரமாகச் செல்கின்றன.

காப்பு முயற்சிகள்

பாதுகாப்பு முயற்சிகளை நான்கு வகைப்படுத்தலாம். முதலாவது, விடுதியாக மாற்றுதல். தந்தை ஒருவர் தம் மகளுக்கெனக் கட்டியதால் மகன்வழி மரபுக்கே விதிவிலக்காக நிற்கும் கானாடுகாத்தான் ‘விசாலம்’, கடியாபட்டி ‘சிதம்பர விலாஸ்’, கோத்தமங்கலம் ‘சாரதா விலாஸ்’ ஆகியவை இவ்வழியில் உயிர்பெற்றவை. ஆயினும் எல்லா ஊர்களின் எல்லா வீடுகளும் விடுதியாக இயலாது. இரண்டாவது, பெயர்த்துக் காத்தல்: முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வளாகத்தில் ஒரு செட்டிநாட்டு வணிகர் வீடு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. மூன்றாவது, ஆவணப்படுத்தல்: எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பன், விசாலாட்சி ராமசாமி ஆகியோர் எழுதிய ‘தி செட்டியார் ஹெரிட்டேஜ்’ இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீட்டில் திரட்டிய அரிய நூற்தொகுப்பு, அவர் மறைவுக்குப் பின் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றதும் இங்கு நினைக்கத்தக்கது. நான்காவது, அரசு சார்ந்த காப்பு. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் நூறாண்டு கடந்தவற்றையே கருத்தில் கொள்வதாலும், தனியார் குடியிருப்புகளை அது எளிதில் தழுவாததாலும், இவ்வீடுகளுக்கு அதனால் பெரும்பயனில்லை. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. தனிவீட்டை விடுத்து ஊரையே அலகாகக் கொண்ட அப்பார்வை சரியானது. எனினும் பட்டியல் எதுவும் பங்காளிகளின் பூசலைத் தீர்ப்பதில்லை.

இந்நான்கு வழிகளும் கட்டடத்தை நோக்கியவை. உடைமையை நோக்கியவை அல்ல. ஒழுகும் கூரையைச் செப்பனிடப் பணமும் கொத்தனும் கிடைத்தாலும், கையொப்பமிட வேண்டிய முப்பது பேரை ஒன்றுசேர்க்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் பணி தொடங்காது. ஆகவே மரபுக் கட்டடக் காப்பில் ஈடுபடுவோர் பொறியாளரையும் கைவினைஞரையும் நாடுவதற்கு முன் வாரிசுப் பட்டியலையும் பங்கு விவரத்தையும் தொகுப்பதே முதற்பணி.

அதற்கான முன்மாதிரியை வெளியில் தேட வேண்டியதில்லை. ஒன்பது குலக்கோயில்களும் எண்ணற்ற பங்காளிகளுக்குப் பொதுவானவை; ஆனால் அவை சிதையவில்லை. புள்ளிதோறும் வரி, அதைத் திரட்டிச் செலவிட முறைவைத்துப் பொறுப்பேற்கும் காரியக்காரர்கள், கணக்கை அவையில் வைக்கும் வழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவற்றை நிலைநிறுத்தியுள்ளன. இதே முறையை வீட்டுக்கு விரித்து, மகள்வழிப் பங்கையும் புள்ளியாகக் கணக்கிட்டு, குடும்ப அறக்கட்டளையாகப் பதிவு செய்து, விலக விரும்புவோரின் பங்கை மற்றவர் நியாய விலைக்கு ஏற்கும் விதியையும் சேர்த்தால், வளவு உடையாமல் நிற்க வழி உண்டு. அரசு தன் பங்குக்குப் பதிவுக் கட்டணத்திலும் சொத்துவரியிலும் சலுகை அளித்து இத்தகைய அறக்கட்டளைகளை ஊக்குவிக்கலாம். பங்காளிகளின் ஒப்பந்தத்தால் உருவான கட்டடத்தைக் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் ஒன்றே காக்க முடியும். அது இல்லாமல் தூணுக்கும் ஓட்டுக்கும் செலவிடும் பணம் அழிவைத் தள்ளிப்போடுமே அன்றித் தடுக்காது.